வீட்டு வேலைக்கு மடக்கு ஏணி: அளவெடுப்பது முதல் வாங்கி நிறுத்துவது வரை

மடக்கு ஏணி வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை அடி?" என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து வாங்கினால் பாதிப் பேருக்குத் தப்பான ஏணிதான் வந்து சேரும். கேட்க வேண்டியது, "இந்த ஏணியில் நான் நிற்கக்கூடிய கடைசிப் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம்?" என்பது. ஏணியின் மொத்த உயரமும் நிற்கும் உயரமும் ஒன்றல்ல. சாதாரண மடக்கு ஏணியில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 2 அடி வித்தியாசம் இருக்கும். 6 அடி ஏணி வாங்கினால் 4 அடியில்தான் நிற்கலாம். மற்ற எல்லாத் தேர்வுகளும் இந்தக் கணக்கைத் தொட்டுத்தான் வருகின்றன. அதனால் இங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் வீட்டில் அளவெடுங்கள்

ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஏணி ஏறிச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்: பரணில் பெட்டி வைப்பது, திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, விளக்கு மாற்றுவது, மின்விசிறி துடைப்பது, ஒட்டடை அடிப்பது, சுவருக்குப் பெயின்ட் அடிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, கை போய்ச் சேர வேண்டிய இடம் தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். சீலிங் உயரத்தை மட்டும் அளந்தால் போதாது. சீலிங்கிலிருந்து தொங்கும் மின்விசிறியின் இறக்கையும், சீலிங்கோடு ஒட்டிய விளக்கும் வேறு வேறு உயரத்தில் இருக்கின்றன.

பிறகு ஒரு கழித்தல். வேலை நடக்கும் உயரத்திலிருந்து, உங்கள் உயரத்தோடு 30 செ.மீ. சேர்த்த தொகையைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் உங்கள் பாதம் நிற்க வேண்டிய உயரம். கையை முழுக்க நீட்டினால் இன்னும் 10, 15 செ.மீ. எட்டும். ஆனால் நீட்டிய கையால் ஸ்க்ரூ முடுக்க முடியாது, பல்பைக் கூட நிதானமாகத் திருப்ப முடியாது. முழங்கை கொஞ்சம் மடங்கியிருந்தால்தான் கைக்கு வலுவும் கட்டுப்பாடும் இருக்கும். அந்த 30 செ.மீ. அதற்காகத்தான்.

ஓர் உதாரணம். சீலிங் 10 அடி, அதாவது 305 செ.மீ. விளக்கு சீலிங்கில் பதிந்திருக்கிறது. ஏறுபவரின் உயரம் 165 செ.மீ. 305லிருந்து 195ஐக் கழித்தால் 110. படிக்குப் படி ஓர் அடி இடைவெளி உள்ள ஏணியில் நான்காம் படி ஏறக்குறைய 120 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதில் நின்றால் வேலை வசதியாக நடக்கும். நான்காம் படியில் நிற்க அனுமதி உள்ள ஏணி, 6 அடி ஏணி. அதே அறையில் 150 செ.மீ. உயரமுள்ளவர் ஏறினால் 125 தேவைப்படும். நான்காம் படி 5 செ.மீ. குறைவு. அந்த 5 செ.மீ.தான் அவரைக் கட்டைவிரலில் நிற்க வைக்கும், பிறகு ஐந்தாம் படிக்கு ஏற்றும். அவர் அடுத்த அளவு ஏணியை வாங்குவதே சரி. வீட்டில் பலர் ஏணியைப் பயன்படுத்துவார்கள் என்றால், உயரம் குறைந்தவரை வைத்துக் கணக்குப் போடுங்கள். உயரமானவர் ஒரு படி கீழே நின்றுகொள்ளலாம்.

கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: சராசரி உயரம் உள்ளவர் சீலிங்கைத் தொட வேண்டுமானால், சீலிங் உயரத்திலிருந்து 4 அடியைக் கழித்தால் ஏணியின் உயரம் வரும். 8 அடி சீலிங்குக்கு 4 அடி ஏணி, 9க்கு 5, 10க்கு 6, 12க்கு 8.

"எதற்கும் இருக்கட்டும்" என்று ரொம்பப் பெரிய ஏணியை வாங்குவதிலும் தொல்லை உண்டு. மடக்கிய ஏணி, விரித்து நிற்கும் ஏணியைவிட நீளமானது. 8 அடி சீலிங் உள்ள அறையில் 8 அடி ஏணியை நிமிர்த்தவே முடியாது. கால்கள் விரிய இடம் வேண்டும்: 6 அடி ஏணி முன்பின் வாக்கில் ஒரு மீட்டருக்குச் சற்று கூடுதலாக இடம் பிடிக்கும். குளியலறையிலும் குறுகிய நடையிலும் அது முழுதாக விரியாது. முழுதாக விரியாத ஏணியில் ஏறக் கூடாது. ஆகவே வேலை நடக்கும் இடத்தின் தரை அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மடக்கி வைக்கப்போகும் மூலையின் உயரத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

எந்தப் படியில் நிற்கக் கூடாது, ஏன்

சாதாரண மடக்கு ஏணியின் உச்சியில் ஒரு தட்டையான மூடி இருக்கும். பார்த்தால் நிற்பதற்கென்றே செய்தது போலத் தெரியும். அது கருவிகளை வைப்பதற்கு. அதிலும் நிற்கக் கூடாது, அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. பெரும்பாலான ஏணிகளில் இது ஒட்டுச்சீட்டாகவே ஒட்டப்பட்டிருக்கும்.

காரணம் எளிது. மேலிருந்து மூன்றாவது இடத்தில் நிற்கும்போது ஏணியின் உச்சி உங்கள் முழங்காலுக்கு மேலே, தொடையருகில் வந்து நிற்கும். உடல் சற்று முன்னே சாய்ந்தால் கால் ஏணியில் அணைந்து தடுக்கும். தேவைப்பட்டால் குனியாமலே ஒரு கை உச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு படி மேலே போனால் அந்த அணைப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். முழங்காலுக்குக் கீழே தடுக்கும் எதுவும் ஆளைத் தாங்காது, தடுக்கிவிடத்தான் செய்யும்.

மேடை உள்ள ஏணியில் கணக்கு வேறு. அதில் கடைசிப் படியே அகலமான மேடையாக இருக்கும். அதற்கு மேலே ஏறக்குறைய 60 செ.மீ. உயரத்துக்குப் பிடிமானக் கம்பி வளைந்து நிற்கும். மேடையில் தாராளமாக நிற்கலாம், அதற்காகத்தான் அது. இந்த வகையை விற்கும்போது சில இடங்களில் பிடிமானக் கம்பியின் உச்சி வரை அளந்து ஏணியின் உயரமாகச் சொல்வார்கள். சில இடங்களில் "5 படி ஏணி" என்று படிக்கணக்கில் சொல்வார்கள். அந்த ஐந்தில் மேடையும் ஒன்றாக இருக்கும். படிகளுக்கிடையே உள்ள இடைவெளியும் ஏணிக்கு ஏணி மாறும், 23 செ.மீ. உள்ளதும் உண்டு, 30 செ.மீ. உள்ளதும் உண்டு. 5 படி மேடை ஏணி ஒன்றில் 115 செ.மீ.யில் நிற்பீர்கள், இன்னொன்றில் 150 செ.மீ.யில் நிற்பீர்கள். எனவே நாடாவை நீட்டி, தரையிலிருந்து மேடை வரை நீங்களே அளந்துவிடுங்கள்.

எந்த வகை

வீட்டு வேலைக்கு எங்கள் முதல் சிபாரிசு மேடையும் பிடிமானமும் உள்ள மடக்கு ஏணிதான். பாதம் முழுவதும் பதிகிறது. கால் வலிக்காததால் அவசரம் வருவதில்லை. முன்னால் ஒரு கம்பி இருப்பதால் பயப்படுகிறவர்களுக்கும் தைரியம் வருகிறது. பரணிலிருந்து பெட்டியை இறக்குவது போல இரண்டு கையும் சிறிது நேரம் தேவைப்படும் வேலைகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அதே நிற்கும் உயரத்துக்குச் சாதாரண ஏணியைவிட எடை கூடுதல், அது ஒன்றுதான் குறை.

அலமாரியின் மேல்தட்டு, திரைச்சீலை கழற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்கு இரண்டு அல்லது மூன்று படி மடக்கு ஸ்டூல் போதும். ஒரு வீட்டுக்குச் சரியான பெரிய ஏணி ஒன்றும் இந்தச் சின்ன ஸ்டூல் ஒன்றும் இருந்தால் நாற்காலி மேல் ஏறும் பழக்கம் தானாகவே நின்றுவிடும். பெரிய ஏணியை எடுத்துவரச் சோம்பல்பட்டுத்தான் பலர் சுழல் நாற்காலியிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் ஏறுகிறார்கள். ஸ்டூல் சமையலறையிலேயே, கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் படி உள்ள ஏணி, ஆள் இரு பக்கமிருந்தும் ஏறி வேலை செய்ய வசதி. சாதாரண ஏணியின் பின்பக்கக் குறுக்குக் கம்பிகள் ஏறுவதற்கானவை அல்ல. அவை பின்கால்கள் ஆடாமல் இருக்க வைத்தவை. மேலே ஆள் ஏறினால் வளையும்.

கீல் வைத்துப் பல வடிவங்களில் மாற்றக்கூடிய பல்நோக்கு ஏணியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே ஏணி மடக்கு ஏணியாகவும் சாய்த்து வைக்கும் ஏணியாகவும் ஆகும். காலை நீட்டிக் குறைக்கும் வகையாக இருந்தால், தயாரித்தவர் அனுமதித்த அமைப்பில் மாடிப்படியிலும் நிற்கும். மாடிப்படிக்கு மேலே விளக்கு இருக்கும் வீட்டுக்கு அது உண்மையிலேயே உதவும். ஆனால் கனமானது, மாற்றி அமைப்பதற்குப் பழக வேண்டும், ஒவ்வொரு கீலும் "டக்" என்று பூட்டிக்கொண்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை பல்ப் மாற்றுகிறவருக்கு அது தேவைக்கு மீறிய சுமை.

குழாய்க்குள் குழாயாக நீளும் டெலஸ்கோப் ஏணி பெரும்பாலும் சுவரில் சாய்த்து வைப்பது. அறையின் நடுவில் உள்ள விளக்குக்கு அது உதவாது.

எவ்வளவு பாரம்

ஏணியில் எழுதியிருக்கும் கிலோ கணக்கு உங்கள் எடைக்கு மட்டுமானது அல்ல. ஆள், உடை, செருப்பு, இடுப்பில் உள்ள கருவிகள், கையில் உள்ள பொருள், மேலே வைத்த வாளி எல்லாம் சேர்ந்தது. 80 கிலோ எடையுள்ளவர் 3 கிலோ டிரில்லோடும் இரண்டு கிலோ சில்லறைக் கருவிகளோடும் ஏறினால் 85. அவரே 10 லிட்டர் பெயின்ட் வாளியை மேலே தூக்கினால் வாளி மட்டுமே 13, 14 கிலோ. 90 கிலோவைத் தாண்டிவிடும்.

அமெரிக்கத் தர வரிசையில் ஏணிகளை ஐந்தாகப் பிரிக்கிறார்கள்: டைப் 3 என்றால் சுமார் 90 கிலோ, டைப் 2 என்றால் 102, டைப் 1 என்றால் 113, டைப் 1ஏ என்றால் 136, டைப் 1ஏஏ என்றால் 170. ஐரோப்பாவின் ஈ.என். 131 தரத்தில் அதிகபட்சப் பாரம் 150 கிலோ. தொழில்முறைப் பயன்பாட்டுக்கு, வீட்டுப் பயன்பாட்டுக்கு என்று இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கும்போது உங்கள் கணக்கில் வரும் மொத்தப் பாரத்துக்கு மேல் 20, 30 கிலோ இடைவெளி இருக்கும்படி பாருங்கள். அதிகப் பாரம் தாங்கும் ஏணியின் சட்டங்கள் தடிமனாக இருக்கும். ஆகவே மெலிந்தவர் ஏறினாலும் அது குறைவாக ஆடும். அந்த உறுதிக்காகவே கூடுதல் பாரத் தரத்தை வாங்கலாம்.

எந்தத் தரக் குறியும் பாரக் கணக்கும் எழுதாத ஏணியை விட்டுவிடுங்கள், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

அலுமினியமா, ஃபைபர்கிளாஸா

அலுமினிய ஏணி இலேசானது. 6 அடி ஏணி ஒன்றை ஒரு கையால் தூக்கிக்கொண்டு நடக்கலாம். துருப்பிடிக்காது. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். மின் வேலை எதுவும் நீங்கள் செய்யப்போவதில்லை, துடைப்பது, அடுக்குவது, பெயின்ட் அடிப்பது மட்டும்தான் என்றால் அலுமினியம் நல்ல தேர்வு.

விளக்குப் பொருத்துவது, மின்விசிறி மாட்டுவது, ஒயர் இழுப்பது என்று வேலை இருந்தால் பக்கச் சட்டங்கள் ஃபைபர்கிளாஸில் செய்த ஏணியை வாங்குங்கள். கனம் கூடுதல்தான். ஃபைபர்கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது என்பது அது காய்ந்தும் சுத்தமாகவும் இருக்கும்போது மட்டும். ஈரமும் அழுக்கும் படிந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எந்த ஏணியானாலும் மின் வேலைக்கு முன் மெயின் பெட்டியில் அந்தச் சுற்றை அணைத்துவிட வேண்டும். சுவர் சுவிட்சை மட்டும் அணைத்து நம்பக் கூடாது. வெளியே மின்கம்பி செல்லும் இடத்தில் எந்த ஏணியும் கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது. ஏணியை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் இதை மறக்கிறார்கள்.

இரும்பு, ஸ்டூலுக்குப் பொருந்தும்; உயரமான ஏணிக்குக் கனம் அதிகம், ஈரமான இடத்தில் துருவும் பிடிக்கும். மர ஏணி காய்ந்திருக்கும்போது மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் காலப்போக்கில் வெடிக்கும், இணைப்பு தளரும். மர ஏணிக்கு வண்ணப் பெயின்ட் அடிக்காதீர்கள், வெடிப்பை அது மறைத்துவிடும். உள்ளே தெரியும் வார்னிஷ் போதும்.

கடையில் என்ன பார்ப்பது

ஏணியை மடக்கிய நிலையில் பார்த்து வாங்காதீர்கள். சமதரையில் முழுதாக விரிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் உள்ள குறுக்குப் பூட்டுக் கம்பிகள் நேராகி, மையத்தைச் சற்றுத் தாண்டி இறங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். விரலால் கீழிருந்து தட்டிப் பாருங்கள். இலேசான தட்டலுக்கே மேலே எழும்பினால் அந்த ஏணி வேண்டாம்.

அடுத்து உச்சியை இரண்டு கையாலும் பிடித்து வலது இடமாகத் திருகுங்கள். எல்லா ஏணியும் கொஞ்சம் முறுகும். ஒரு கால் தரையை விட்டு எழும்புகிறதா என்பதைக் கவனியுங்கள். பிறகு இரண்டு படி ஏறி நின்று, இடுப்பை மெல்ல ஆட்டிப் பாருங்கள். இரண்டாம் படியிலேயே உங்களுக்குப் பயம் வந்தால் ஐந்தாம் படியில் நிதானமாக வேலை செய்யப்போவதில்லை. விலையைக் குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

படியின் ஆழத்தை அளந்து பாருங்கள். 8 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பாதம் உட்காரும். அதற்குக் குறைந்தால் உள்ளங்காலின் நடுவில் ஒரு கம்பி மேல் நிற்பது போலாகும். பத்து நிமிடத்தில் கால் மரத்துப்போகும். படியின் மேல் வரிவரியாகப் பள்ளம் இருக்க வேண்டும், வழுவழுப்பாக இருக்கக் கூடாது. படியும் பக்கச் சட்டமும் சேரும் இடத்தைக் கீழிருந்து பாருங்கள். ஒவ்வொரு முனையிலும் எத்தனை ரிவெட், அடிப்படிக்கு மூலைத்தாங்கி வைத்திருக்கிறார்களா, ரிவெட்டின் தலை சட்டத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா அல்லது நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள். நகம் நுழைந்தால் அது ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

கடைசியாகக் காலின் ரப்பர். கையால் இழுத்தால் கழன்று வரக் கூடாது. ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும்; நகத்தால் அழுத்தினால் சற்று உள்ளே போய்த் திரும்ப வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் மூடி டைல்ஸ் தரையில் வழுக்கும். அதே ரப்பர் தனியாக மாற்றுக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள், ஏணியில் முதலில் தேய்வது அதுதான்.

இவ்வளவும் பார்த்தபின் ஏணியை மடக்கி, தூக்கி, கடைக்குள் பத்தடி நடந்து பாருங்கள். தூக்க முடியாத ஏணி மூலையில்தான் கிடக்கும்.

நிறுத்தும் விதம்: பக்கவாட்டில்தான் சாயும்

நல்ல ஏணியை வாங்கிய பிறகும் விழுகிறார்கள் என்றால் பெரும்பாலும் நிறுத்திய திசைதான் காரணம். மடக்கு ஏணி முன்பின் வாக்கில் அகலமாக நிற்கும், பக்கவாட்டில் குறுகலாக நிற்கும். 6 அடி ஏணியில் முன்பின் ஒரு மீட்டருக்கு மேல் என்றால், பக்கவாட்டில் 55, 60 செ.மீ.தான்.

சுவரில் துளை போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஏணியின் பின்கால்கள் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினால் சுவர் கொஞ்சம் எட்டமாக இருக்கும். அதனால் ஏணியைச் சுவரோடு சுவராகப் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி, இடுப்பைத் திருப்பி டிரில்லைப் பிடிப்பார்கள். இப்போது கணக்குப் பாருங்கள். ஆள் 70 கிலோ, ஏணி 8 கிலோ, கால்களின் பாதி அகலம் 27 செ.மீ., டிரில் இருக்கும் உயரம் இரண்டரை மீட்டர். 78 கிலோ எடை 27 செ.மீ. தள்ளி நின்று ஏணியைத் தரையில் அழுத்துகிறது; டிரில்லின் எதிர்த்தள்ளல் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து அதைப் புரட்டப் பார்க்கிறது. எட்டு, எட்டரை கிலோ அளவு தள்ளினாலே ஏணியின் சுவர்ப்பக்கக் கால்கள் தரையை விட்டு எழும்பும். கான்கிரீட்டில் துளை போடுகிறவர் அதைவிட அதிகமாக அழுத்துவது சாதாரணம். உடம்பு வெளிப்பக்கம் 10 செ.மீ. சாய்ந்துவிட்டால் ஐந்தரை கிலோ தள்ளலே போதும்.

எனவே ஏணி எப்போதும் வேலைக்கு நேராக நிற்க வேண்டும்: படியில் ஏறினால் உங்கள் முகம் சுவரைப் பார்க்கும்படி. சுவர் எட்டவில்லை என்றால், மேடை ஏணியில் நின்றால் சற்று அருகில் போகலாம். அல்லது அந்த வேலைக்குச் சாய்த்து வைக்கும் ஏணியே பொருத்தம். அதைச் சாய்க்கும்போது உயரம் நான்கு பங்கு என்றால் அடி சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளி இருக்க வேண்டும். மடக்கு ஏணியை மடக்கிய நிலையில் சுவரில் சாய்த்து ஏறுவது வேறு கதை. அதன் பாதங்கள் அந்தக் கோணத்துக்கு வெட்டப்படவில்லை, ஓரம் மட்டுமே தரையில் படும், வழுக்கும்.

தரை விஷயத்தில் சுருக்கமாகச் சில. மிதியடி, பழைய துணி, செய்தித்தாள் இவற்றின் மேல் ஏணியை வைக்கக் கூடாது. பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரித்த பிளாஸ்டிக் தாளையும் ஏணியின் காலடியில் விலக்கிவிடுங்கள். ஈரமும் தூசியும் துடைக்கப்பட வேண்டும். விரித்தபின் முதல் படியில் ஒரு காலை வைத்து அழுத்துங்கள். நான்கு காலும் அழுந்தினால் ஏறுங்கள். ஒன்று ஆடினால் ஓரிரு அடி நகர்த்திப் பாருங்கள். அட்டையை மடித்து முட்டுக் கொடுப்பதும், செங்கல் வைப்பதும் வேண்டாம், அதிர்வில் நழுவிவிடும். மண் தரையில் கால் புதையும் என்றால் நான்கு காலுக்கும் அடியில் அகலமான ஒரே பலகை போட்டு, அது சமமாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கதவருகில் வேலை என்றால் கதவைத் தாழிடுங்கள், அல்லது முழுக்கத் திறந்து அங்கே ஓர் ஆளை நிறுத்துங்கள். ஓடும் மின்விசிறியை ஏறுவதற்கு முன் அணைத்துவிடுங்கள்; மேலே பார்த்துக்கொண்டு ஏறும்போது இறக்கை கண்ணில் படாது.

ஏறி இறங்குவது

வெறுங்காலும் வேண்டாம், தொளதொளவென்ற செருப்பும் வேண்டாம். ரப்பர் அடி உள்ள, காலைக் கவ்விப் பிடிக்கும் காலணி போடுங்கள். புடவை, வேட்டி, துப்பட்டா எதுவாயினும் படியில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். அதனால் கையில் பொருளோடு ஏற முடியாது. கருவிகளை இடுப்புப் பையில் போடுங்கள், கனமானதைக் கீழிருந்து ஒருவர் எடுத்துக் கொடுக்கட்டும்.

மேலே நிற்கும்போது ஒரே அடையாளம் போதும்: தொப்புள் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும். அது சட்டத்தைத் தாண்டி வெளியே போகும் தூரத்தில் வேலை இருந்தால், இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள். மேலே நின்றபடியே உடலை உதறி ஏணியை நகர்த்துகிறவர்கள் உண்டு. பூட்டுக் கம்பி எழும்பிவிடுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

பிடித்து இழுக்கும் வேலையில் இன்னொரு ஆபத்து. சிக்கிய ஆணியோ பழைய திரைச்சீலைக் கம்பியோ திடீரென்று விடுபடும்போது இழுத்த விசை அப்படியே உங்களைப் பின்னால் தள்ளும். ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, சிறு சிறு அசைவாகத் தளர்த்தி எடுங்கள். எடுக்க வரவில்லை என்றால் அது ஏணியில் நின்று செய்யும் வேலை இல்லை.

சீலிங்கையே அண்ணாந்து பார்த்து வேலை செய்தால் சிலருக்குச் சீக்கிரம் தலை சுற்றும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் தாழ்த்துங்கள். ஓர் அறை முழுக்கச் சீலிங் பெயின்ட் என்றால் ஏணியை விட்டுவிட்டு, நீளமான தாழ்ந்த வேலை மேடை ஒன்றை வாடகைக்கு எடுப்பது நல்லது. இறங்கும்போது கடைசிப் படியைத் தரை என்று நினைத்துக் கால் வைப்பதும், ஒரு படி மிச்சமிருக்கும்போதே தரை வந்துவிட்டதாக நினைத்து இறங்குவதும் கணுக்காலைச் சுளுக்கிவிடும். அடிப்படியில் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள்.

வைத்துக் காப்பதும், தள்ளிவிடுவதும்

வேலை முடிந்ததும் படியில் சிந்திய பெயின்டை ஈரத்தோடு துடைத்துவிடுங்கள். காய்ந்தால் வழுக்கும் மேடாகிவிடும். கீல்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் போதும். படியில் ஒரு துளி பட்டாலும் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஃபைபர்கிளாஸ் ஏணி வெயிலில் கிடந்தால் மேற்பூச்சு தேய்ந்து நார் தெரியத் தொடங்கும். நார் கையில் ஏறும், ஈரத்தையும் உள்ளே விடும். எனவே நிழலான, காய்ந்த இடத்தில் வையுங்கள். சுவரில் இரண்டு வலுவான கொக்கி அடித்துக் கிடைமட்டமாக மாட்டுவதுதான் மிக நல்லது. நிமிர்த்தி வைத்தால் ஒரு கயிற்றால் சுவரோடு கட்டுங்கள், குழந்தைகள் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் இருக்கும்.

ஏறும் ஒவ்வொரு முறையும் அரை நிமிடப் பரிசோதனை போதும்: நான்கு ரப்பர், இரண்டு பூட்டுக் கம்பி, எல்லாப் படியின் இணைப்பு, பக்கச் சட்டங்கள் நேராக இருக்கின்றனவா. ரப்பர் தேய்ந்தால் மாற்றலாம், போல்ட் தளர்ந்தால் முடுக்கலாம். பக்கச் சட்டம் வளைந்துவிட்டாலோ, படி விரிசல் விட்டாலோ பழுது பார்க்க முயலாதீர்கள். வளைந்த அலுமினியத்தைத் தட்டி நேராக்கினால் பார்க்க நேராக இருக்கும், வளைந்த இடத்தில் உலோகம் பலவீனமாகியிருக்கும். அடுத்த முறை அங்கேதான் மடியும். உயரத்திலிருந்து விழுந்த ஏணியையும், ஏதாவது மோதிய ஏணியையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தள்ளிவிட முடிவு செய்தால் அப்படியே வெளியே வைக்காதீர்கள். யாராவது எடுத்துப்போய் ஏறுவார்கள். பக்கச் சட்டங்கள் இரண்டையும் நடுவில் அறுத்துவிட்டுப் பழைய சாமான்காரரிடம் போடுங்கள்.